ஐந்து அங்குலத் திரையும் ஒரு பிழைதிருத்தமும்

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காலந்தள்ளிய ஒருவனுக்கு மிகக் கசப்பான மூலை எதுவென்று கேட்டால், இரண்டாம் பக்கத்தின் அடியிலே சிறிய எழுத்தில் வெளியாகும் 'திருத்தம்' என்னும் பகுதியைத்தான் காட்டுவான். நான் பணியாற்றிய காலத்தில் அந்த மூலைக்குப் பல முறை போயிருக்கிறேன். ஆட்களின் பெயர், கூட்டம் நடந்த இடம், இறந்தவரின் வயது என்று பலவற்றைத் திருத்தியிருக்கிறேன். ஆனால் போகவேண்டிய ஒருமுறை போகாமல் விட்டுவிட்டேன். அதைத் திருத்துவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அந்தப் பிழையை எனக்குச் சுட்டிக்காட்டியது ஒரு மனிதரல்ல, பதினொரு கிலோகிராம் எடையுள்ள ஒரு பழைய கணினி.

1996 ஆம் ஆண்டு எங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் 'வீழ்ந்த வணிகங்கள்' பற்றி ஒரு தொடர் எழுதினேன். அதிலே ஒரு வாரம் ஒஸ்போர்ன் என்னும் கணினி நிறுவனத்தின் கதையைச் சொல்லியிருந்தேன். புதிய கணினி வரப்போகிறது என்று அதன் தலைவர் அவசரப்பட்டு அறிவித்துவிட்டார், அதைக் கேட்ட மக்கள் பழைய கணினியை வாங்காமல் காத்திருந்தார்கள், நிறுவனம் முறிந்தது என்பதுதான் அந்தக் கதை. உலகெங்கும் வணிகப் பாடநூல்களில் 'ஒஸ்போர்ன் விளைவு' என்ற பெயரால் வழங்குவதும் இதுவே. 'வாய் கெடுத்த வாணிபம்' என்று தலைப்பிட்டு, அந்தத் தலைவரை ஓர் 'அமெரிக்கச் செல்வந்தர்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டேன். அந்த இரண்டும் எவ்வளவு அரைகுறையான தகவல்கள் என்பதைப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

பழைய கணினிகளைச் சேகரிக்கும் பழக்கம் எனக்கு எப்படித் தொற்றியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தலைமுறைப் பத்திரிகையாளர்கள் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய அச்சுக்கோப்பாளர்களின் கையில் எழுத்தைக் கொடுத்தவர்கள். வெளியூர்ச் செய்தி தொலைபேசியில் வரும். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுவார். 1987 ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு விடுதியின் முன்கூடத்தில், வெளிநாட்டு நிருபர் ஒருவர் மடியில் ஒரு தட்டையான பெட்டியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். ரி.ஆர்.எஸ்-80 மொடல் 100 என்னும் அக்கணினி 1983 இல் வெளிவந்தது. நாற்பது எழுத்து அகலமும் எட்டு வரியும் கொண்ட சிறு திரை. சாதாரண ரோச் லைற்றுக்குப் போடும் நான்கு சிறிய மின்கலங்களில் ஏறத்தாழ இருபது மணிநேரம் இயங்கும். தொலைபேசி இணைப்பில் மாட்டினால் அவர் எழுதியது கடல் கடந்து போய்விடும். அன்று அவர் தம் செய்தியை அனுப்பிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் அதே செய்தியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு பேருந்துக்கு ஓடினேன். அந்தப் பொறாமைதான் முதல் வித்து.

ஓய்வுபெற்ற பின்னர் அந்த மொடல் 100 ஒன்றை விலைக்கு வாங்கினேன். பின்னர் 1981 இல் பிரித்தானியாவில் வெளிவந்த சின்கிளேயர் இசட்.எக்ஸ்.81 வந்து சேர்ந்தது. அதன் நினைவகம் ஒரே ஒரு கிலோபைட். இந்தக் கட்டுரையின் முதல் இரண்டு வரிகளை இட்டாலே நிரம்பிவிடும். இப்படி ஒன்று, இரண்டு, ஐந்து என்று என் வாசிப்பறை நிறைந்தது. சேகரிப்பாளர் என்றதும் பணக்காரரின் விளையாட்டு என்று சிலர் எண்ணக்கூடும். 1976 இல் 666 டொலர் 66 சதத்துக்கு விற்பனையான அப்பிள்-1 ஒன்றை, 2014 ஒக்ரோபரில் நடந்த ஏலத்தில் அமெரிக்காவின் ஹென்றி போர்ட் அருங்காட்சியகம் 9,05,000 டொலர் கொடுத்து வாங்கியது உண்மையே. ஆனால் என்போன்றோர் வாங்குவது அப்படியானவற்றையல்ல. யாரோ ஒருவர் வீட்டுக் களஞ்சிய அறையில், உடைந்த மின்விசிறிக்கும் பழைய பாய்க்கும் இடையில் கிடப்பதையே நாம் தேடுகிறோம். நமக்குப் போட்டியாளர் செல்வந்தர் அல்லர். பழைய இரும்பு வாங்கும் வியாபாரிதான்.

2011 ஆம் ஆண்டு அப்படித்தான் தெகிவளையில் ஒரு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் நீர்வழங்கல் பொறியியலாளராக வளைகுடா நாடொன்றில் நீண்ட காலம் வேலை பார்த்தவர், சில ஆண்டுகளுக்கு முன்னர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் கனடாவில். தாமும் அங்கே போவதற்காக அவரது மனைவி வீட்டுப் பொருள்களை விற்றுக்கொண்டிருந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். களஞ்சிய அறையிலிருந்து நாங்கள் இருவரும் இழுத்து வெளியே எடுத்த பெட்டியைப் பார்த்தவுடன் தையல் இயந்திரம் என்றே யாரும் நினைப்பர். மூடியைக் கழற்றினால் அதுதான் விசைப்பலகை. உள்ளே இரண்டு நெகிழ்வட்டுச் செலுத்திகள், அவற்றுக்கு நடுவே ஓர் உள்ளங்கையளவு திரை. ஒஸ்போர்ன்-1. நான் ஒருகாலத்தில் கண்ணால் பாராமலே எழுதிய அதே கணினி.

"இரும்புக்காரன் முந்நூறு ரூபா எண்டவன், தம்பி. நீங்கள் விருப்பமானதைத் தாங்கோ" என்றார் அந்த அம்மையார். நான் ஐயாயிரம் ரூபா கொடுத்தேன். பெட்டியோடு பன்னிரண்டு நெகிழ்வட்டுக்கள் அடங்கிய ஒரு சிறு பேழையும் இருந்தது. அதைக் கையில் தரும்போது அவர் கேட்டார்: "இதுக்குள்ளை அவர் எழுதினதுகள் ஏதும் கிடக்குமோ? பாத்துச் சொல்லுவியளே?" பார்த்துச் சொல்கிறேன் அக்கா என்று வாக்களித்துவிட்டேன். அந்த வாக்கின் பாரம் எவ்வளவு என்பது அப்போது தெரியவில்லை.

பழைய கணினியொன்றை வாங்கியவர் செய்யக்கூடாத முதற் காரியம், வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் மின்சாரத்தில் மாட்டுவது. அக்காலத்து மின்வழங்கிகளில் இரைச்சலை வடிப்பதற்காகப் பொருத்தப்பட்ட கொள்ளளவிகளின் மேலுறை காலப்போக்கில் வெடித்து ஈரத்தை உறிஞ்சியிருக்கும். மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் அவை புகைந்து அறையை நாறடிக்கும். படக்குழாய் உள்ள கணினிகளில் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். பழகாதவர் உள்ளே கை வைக்கலாகாது. பிற்காலக் கணினிகளில் கடிகாரத்துக்கென வைத்த சிறு மின்கலம் கசிந்து, சுற்றுப்பலகையின் செப்புத் தடங்களைத் தின்றிருக்கும். அமெரிக்காவில் விற்ற கணினியாயின் அது 110 வோல்ற்று மின்சாரத்துக்கு உரியதா என்று பார்க்கவேண்டும். நமது 230 வோல்ற்றில் நேரடியாக மாட்டினால் கதை அத்துடன் முடிந்தது. இவையெல்லாம் நான் புத்தகத்தில் கற்றவையல்ல. இரண்டு கணினிகளைக் கரியாக்கிக் கற்றவை.

எனவே ஒஸ்போர்னை மருதானையில் எனக்குத் தெரிந்த ஒரு வானொலி திருத்துநரிடம் கொண்டுபோனேன். சிங்களவர், எழுபது வயதுக்காரர், வால்வு வானொலிக் காலத்திலிருந்து அதே இருக்கையில் இருப்பவர். பெட்டியைத் திறந்து நீண்டநேரம் உற்றுப் பார்த்தபின், "மாத்தயா, இதைச் செய்தவன் கெட்டிக்காரன். எல்லாம் கையால் எடுக்கலாம்" என்றார். கொள்ளளவிகளை மாற்றி, செலுத்திகளின் வாசிக்கும் முனைகளைத் துடைத்து, மூன்று வாரம் கழித்துத் தந்தார்.

கணினி எழுந்துவிட்டது. வட்டுக்கள்தான் எழவில்லை. கொழும்பின் கடற்காற்றும் ஈரப்பதனும் நெகிழ்வட்டுக்குப் பெரும் பகை. பன்னிரண்டில் ஒன்பது வட்டுக்களில் வெண்பூஞ்சணம் படர்ந்திருந்தது. அப்படியே செலுத்தியில் இட்டால் பூஞ்சணம் வாசிக்கும் முனையில் ஒட்டும். பின்னர் அந்த முனை அடுத்து வரும் நல்ல வட்டையும் கீறிவிடும். உறையின் மேல்விளிம்பை மெல்ல வெட்டி, வட்டை வெளியே எடுத்து, மதுசாரத்தால் ஒற்றித் துடைத்து, உலர்த்தி, வேறோர் உறைக்குள் இடவேண்டும். எனக்கு அது பழைய ஏட்டுச்சுவடியைத் துடைப்பதுபோல இருந்தது. அதைவிட நிதானம் வேண்டும், ஏனெனில் சுவடியில் எழுத்துக் கண்ணுக்குத் தெரியும், இங்கே தெரியாது.

இன்றைய கணினியில் இலகுவாக வாசிக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். முடியாது. ஒஸ்போர்ன்-1 தொடக்கத்தில் பயன்படுத்திய ஒற்றை அடர்த்திப் பதிவுமுறையைப் பின்வந்த சாதாரணக் கணினிகளில் பல வாசிக்கமாட்டா. ஒரு வட்டில் ஏறத்தாழ 91 கிலோபைட்தான் கொள்ளும். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கும் அது போதாது. எப்படியோ கோப்பை வெளியே எடுத்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. வேர்ட்ஸ்டார் என்னும் அக்கால எழுத்து மென்பொருள், ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்திலும் ஒரு மறைகுறியைச் சேர்த்து வைக்கும். புதிய கணினியில் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் வாலும் விளங்காத குறியாக மாறிக் காட்சிதரும். அந்தக் குறியைக் களைந்த பின்னரே வாசிக்கலாம். ஆகவே பழைய கணினியை வைத்திருப்பது வெறும் ஏக்கம் அன்று. சில எழுத்துக்களுக்கு இன்னும் வாய் அதுதான்.

இனி அந்தக் கணினியின் வரலாற்றுக்கு வருகிறேன்.

அடம் ஒஸ்போர்ன் 1939 ஆம் ஆண்டு பாங்கொக் நகரில் பிறந்தார். தந்தை ஆதர் ஒஸ்போர்ன் ஆங்கிலேயர், தாய் போலந்து நாட்டவர். பெற்றோர் இருவரும் இரமண மகரிஷியிடம் ஈடுபாடு கொண்டவர்கள். இரண்டாம் உலகப் போரில் தந்தை சயாமிலே யப்பானியரின் தடுப்புக்காவலில் இருந்த காலத்தில், தாயும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் வாழ்ந்தனர். சிறுவன் அடம் அந்த மலையடிவாரத்திலே வளர்ந்தான், கொடைக்கானலில் பள்ளிக்கூடம் போனான். 1950 இல் இங்கிலாந்துக்குப் பெயர்ந்தான். தந்தை ஆதர் ஒஸ்போர்ன் மகரிஷியைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் எழுதினார். 1964 இல் ஆச்சிரமத்தின் ஆங்கிலச் சஞ்சிகையைத் தொடங்கி அதன் ஆசிரியராகவும் இருந்தார். நான் 'அமெரிக்கச் செல்வந்தர்' என்று ஒரு சொல்லால் கடந்துபோன மனிதர், எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவரின் மகன், தமிழ் ஒலிக்கும் ஓர் ஊரில் நடைபயின்றவர். ஒரு தொலைபேசி அழைப்பில் அறிந்திருக்கக்கூடிய இந்தத் தகவலை நான் தேடவேயில்லை.

அவர் இங்கிலாந்தில் இரசாயனப் பொறியியல் படித்து, அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம் பெற்று, எண்ணெய் நிறுவனமொன்றில் வேலை பார்த்தார். பின்னர் நுண்கணினிகள் பற்றி எளிய நூல்கள் எழுதி வெளியிட்டார். அந்தப் பதிப்பகத்தை 1979 இல் மக்ரோ-ஹில் நிறுவனம் வாங்கியது. கையில் பணமும் மனத்தில் ஒரு கணக்கும் இருந்தன. வாங்குபவர் கணினிக்கு ஒரு விலை, திரைக்கு ஒரு விலை, செலுத்திக்கு ஒரு விலை, மென்பொருளுக்கு ஒரு விலை என்று ஏன் கொடுக்கவேண்டும்? எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் இட்டு, விமான ஆசனத்தின் கீழ் வைக்கத்தக்க அளவில் விற்றால் என்ன? லீ பெல்சென்ஸ்டைன் என்னும் பொறியியலாளர் அதை வடிவமைத்தார். 1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ கணினிச் சந்தையில் ஒஸ்போர்ன்-1 அறிமுகமாயிற்று. இசட்-80 செயலி, 64 கிலோபைட் நினைவகம், இரண்டு செலுத்திகள். விலை 1,795 டொலர். அத்துடன் இலவசமாகக் கிடைத்த மென்பொருள்களைத் தனியே வாங்கினாலே ஏறத்தாழ 1,500 டொலர் ஆகும். வணிகரீதியில் வெற்றிகண்ட முதலாவது காவிச்செல்லத்தக்க கணினி இதுவே. உச்சக் காலத்தில் மாதத்துக்குப் பத்தாயிரம் வரை விற்றது. 1983 செப்டெம்பர் 13 ஆம் திகதி நிறுவனம் முறிவு மனு கொடுத்தது. இரண்டரை ஆண்டுகூட நிறையவில்லை.

1981 என்று எழுதும்போது நம்மவர் எவருக்கும் கை ஒருகணம் நிற்கும். ஒஸ்போர்ன் கணினி சந்தைக்கு வந்து இரண்டு மாதமாவதற்குள், மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே நாள்களில் ஈழநாடு பத்திரிகையின் பணிமனையும் எரிக்கப்பட்டது. கையெழுத்தையும் அச்செழுத்தையும் வேறோர் இடத்தில் பிரதியாக வைத்திருக்கவேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே ஒரு திட்டமாக உருவாக மேலும் இருபத்துநான்கு ஆண்டுகள் சென்றன. நூலகம் என்னும் பெயரிலான எண்ணிம நூலக முயற்சி 2005 இல் தொடங்கியது. பூஞ்சணம் படர்ந்த வட்டைத் துடைக்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

பன்னிரண்டு வட்டுக்களில் ஐந்து வாசிக்கக் கிடைத்தன. நான்கில் குழாய் விட்டங்களும் நீரோட்டக் கணக்குகளும். ஐந்தாவதில் மூன்று கடிதங்கள். அக்கணினியின் இயங்குதளமான சி.பி.எம்., கோப்புக்குத் திகதி இடும் வழக்கம் இல்லாதது. ஆகையால் எப்போது எழுதியது என்று பட்டியலைப் பார்த்து அறிய இயலவில்லை. கடிதத்தின் தலையிலே அவரே இட்டிருந்தார்: 1983 ஆகஸ்ட் 28.

அது ஓர் இழப்பீட்டு விண்ணப்பத்துக்கான பட்டியல். அவர் வளைகுடாவில் இருக்க, மனைவியும் பிள்ளைகளும் வெள்ளவத்தை வீட்டில் இருந்திருக்கிறார்கள். யூலைக் கலவரத்தில் வீடு எரிந்தது. குடும்பம் உயிரோடு தப்பி முகாமில் இருந்தது. தூரதேசத்தில் தனித்திருந்த அந்த மனிதர், வீட்டில் என்னென்ன இருந்தன என்று நினைவிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டியிருக்கிறார். தையல் இயந்திரம் ஒன்று. குளிர்சாதனப் பெட்டி ஒன்று. நூல்கள் 340. வீணை ஒன்று. பிள்ளையின் முச்சக்கர வண்டி ஒன்று.

இங்கேதான் கணினி தன் வரலாற்றைத் தானே சொல்லத் தொடங்கியது. ஒஸ்போர்ன்-1 இன் திரையில் ஒரு வரிக்கு 52 எழுத்துக்களே தெரியும். உள்ளே 128 எழுத்து அகலமான தாள் விரிந்திருக்கும். திரை அதன்மீது வைத்த ஒரு சிறு சாளரம். வலப்புறம் என்ன இருக்கிறது என்று பார்க்க, விசையை அழுத்திச் சாளரத்தை நகர்த்தவேண்டும். பட்டியலின் இடப்புறத்தில் பொருளின் பெயர், வலக்கோடியில் பெறுமதி. பெயரைப் பார்த்தால் பெறுமதி தெரியாது, பெறுமதியைப் பார்த்தால் பெயர் தெரியாது. நான் ஒவ்வொரு வரிக்கும் வலமும் இடமுமாக நகர்ந்து, பேனாவால் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். நாற்பத்தேழு வரிகள், இரண்டு மாலைப்பொழுது. கடைசி வரியில் 'புகைப்படத் தொகுப்புகள் 3' என்று இருந்தது. சாளரத்தை வலப்புறம் நகர்த்தினேன். பெறுமதி இடப்படவில்லை.

அந்த இரண்டு மாலைகளில் என் கண்ணும் கழுத்தும் பட்ட பாட்டில்தான், 1996 இல் நான் எழுதியது ஐயத்துக்குரியதாகப் பட்டது. இப்படிப்பட்ட திரையோடு மல்லாடிய ஒருவர், இதைவிட நல்ல திரை சந்தையில் இருந்தால் அதை வாங்கமாட்டாரா? இருந்தது. கலிபோர்னியாவில், எண்ணிம மின்னழுத்தமானியைக் கண்டுபிடித்த அன்ட்ரூ கேய் என்பவரின் நிறுவனம் 1982 இல் கேய்ப்ரோ-2 என்னும் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே செயலி, அதே அளவு நினைவகம், அதே இயங்குதளம். ஆனால் ஒன்பது அங்குலத் திரை, வரிக்கு எண்பது எழுத்து, வட்டுக்கு இருமடங்கு கொள்ளளவு. விலை 1,595 டொலர்.

2013 இல் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மருமகன் ஒரு கேய்ப்ரோவைக் காவிக்கொண்டு வந்தான். தன் உடுப்புக்களை அங்கேயே விட்டுவிட்டு வந்ததாக இன்றுவரை சொல்லிக்காட்டுகிறான். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மாற்றியொன்றை இடையில் வைத்து அதை இயக்கி, இரண்டு கணினிகளையும் ஒரே மேசையில் அருகருகே வைத்தேன். அந்தக் காட்சிக்குமேல் எந்தப் பாடநூலும் தேவையில்லை. 1983 முற்பகுதியில் ஒஸ்போர்ன் அறிவித்த புதிய கணினியான எக்செக்கியூட்டிவ், ஏழு அங்குலத் திரையோடு 2,495 டொலர். அதாவது கேய்ப்ரோவைவிட 900 டொலர் கூடுதலாகக் கொடுத்தும் சிறிய திரையே கிடைக்கும். போதாததற்கு 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் கணினியைக் கொண்டுவந்திருந்தது. அதனோடு ஒத்தியங்கும் கொம்பாக்கின் காவத்தக்க கணினி 1983 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. புதியதை எதிர்பார்த்துப் பழையதை வாங்காமல் விட்டோர் இருந்திருப்பர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர் வெறுமனே காத்திருந்தார் என்பதைவிட, பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார் என்பதே பொருந்துகிறது. மிக வேகமாக வளர்ந்த நிறுவனத்தின் உள்ளே இருந்த குழப்பங்களைப் பற்றி ஒஸ்போர்னே 1984 இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். ஒரு மனிதரின் வாயால் ஒரு நிறுவனம் அழிந்தது என்பது சொல்வதற்கு இனிய கதை. அதனால்தான் நானும் சோதிக்காமல் எழுதினேன். வெற்றிபெற்ற கேய்ப்ரோவும் ஐ.பி.எம். வழியைப் பற்றப் பிந்தியதால் 1990 இல் முறிவுப் பாதுகாப்பைக் கோரியது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கேய்ப்ரோவுக்கும் கொழும்புக்கும் ஓர் உறவு உண்டு. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008 மார்ச் 19 இல் இங்கேயே காலமான அறிவியற் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், '2010' என்னும் தம் நாவலை வேர்ட்ஸ்டார் மென்பொருளில் எழுதி, ஒரே ஒரு நெகிழ்வட்டில் நியூயோர்க்குக்கு அனுப்பினார். கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை செய்மதி நிலையத்தின் வழியே சென்றன. பின்னர் அதைத் திரைப்படமாக்கிய பீற்றர் ஹயம்ஸ் என்பவரோடு, ஆளுக்கொரு கேய்ப்ரோ-2 வைத்துக்கொண்டு, 1983 இன் இறுதிப் பகுதியிலிருந்து தொலைபேசி வழியே கொழும்புக்கும் லொஸ் ஏஞ்சல்சுக்கும் இடையில் கடிதம் பரிமாறினார். அக்கடிதங்கள் நூலாகவும் வந்தன. மின்னஞ்சல் என்ற சொல்லையே நாம் அறியாத காலம் அது. இதே நகரத்தில், அதே ஆண்டில், ஒருவர் வியாழன் கிரகத்தைப் பற்றி எழுதினார். இன்னொருவரோ இந்நகரத்தில் எரிந்துபோன தம் வீட்டின் பண்டங்களைக் கடலுக்கு அப்பாலிருந்து எண்ணினார். ஒரே வகைக் கணினி, ஒரே மென்பொருள். கணினிக்கு அந்த வேறுபாடு தெரியாது. வரலாறு எழுதுபவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

அடம் ஒஸ்போர்ன் பின்னர் மலிவு விலை மென்பொருள் நிறுவனமொன்றைத் தொடங்கினார். லோட்டஸ் நிறுவனம் தொடுத்த பதிப்புரிமை வழக்கில் 1990 இல் தோற்றார். உடல்நலம் குன்றியதும் இந்தியாவுக்குத் திரும்பினார். மூளையைச் சிறுகச் சிறுகத் தாக்கிய நோயோடு, சகோதரியின் பராமரிப்பில் கொடைக்கானலில் வாழ்ந்து, 2003 மார்ச் 18 ஆம் திகதி அறுபத்துநான்காம் வயதில் காலமானார். பள்ளிக்கூடம் போன ஊருக்கே மீண்டு வந்து கண்மூடினார். அந்த நாளில் என் கட்டுரைக்கு ஏழு வயது. ஒரு இரங்கற் குறிப்பாகவேனும் திருத்தியிருக்கலாம். செய்யவில்லை.

இனி, நான் கொடுத்த வாக்கு.

கொப்பியில் எழுதிய பட்டியலைத் தட்டெழுத்திட்டு, அந்த அம்மையார் கனடாவுக்குப் புறப்பட முதல்நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடிதங்கள் இரண்டையும் தனியே உறையிலிட்டுக் கொடுத்தேன். அவை வீட்டுக் கடிதங்கள் என்று தெரிந்தவுடன் அவற்றை நான் மேலே வாசிக்கவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழாக விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். அழவில்லை. ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது பிழை, தம்பி. வீணை ரெண்டு. ஒண்டு என்ரை அம்மாவின்ரை. அவருக்குத் தெரியாது, அவர் போனாப் பிறகுதான் ஊரிலையிருந்து கொண்டந்தது."

நான் பேனாவை எடுத்து, 'ஒன்று' என்பதை வெட்டி 'இரண்டு' என்று எழுதி, ஓரத்தில் திகதி இட்டேன். இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒரு வட்டுக்குள் பிழையாகக் கிடந்த வரி அன்று திருத்தப்பட்டது. விண்ணப்பத்துக்கு இழப்பீடு கிடைத்ததா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். இல்லை என்பதற்கான ஆட்டல்.

ஒஸ்போர்ன் இன்னும் என் மேசையில் இருக்கிறது. அந்த வட்டின் பிரதிகள் கனடாவில் அவரது பிள்ளைகளிடமும் உள்ளன. உங்கள் வீட்டிலும் ஒரு பழைய பெட்டி, ஒரு பேழை நெகிழ்வட்டு இருக்கக்கூடும். இரும்புக்காரரை அழைக்குமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். பட்டியலைப் பிழை சொல்லத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே காட்டுங்கள்.

திருத்தம்: 1996 இல் வெளியான 'வாய் கெடுத்த வாணிபம்' என்னும் என் கட்டுரையில், ஒஸ்போர்ன் நிறுவனம் அதன் தலைவரின் அவசர அறிவிப்பினாலேயே முறிந்தது என்று எழுதியிருந்தேன். அது முழு உண்மையன்று. அவர் திருவண்ணாமலையிலும் கொடைக்கானலிலும் வளர்ந்தவர் என்பதையும் குறிப்பிடத் தவறிவிட்டேன். வாசகர்கள் பொறுத்தருள்க.